ஊசியை எடுக்கும் இடம்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கெர்லிங்கில், உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள் வீட்டுக் கூடத்தில், கொடுத்த காப்பி ஆறுவதற்குள் "ஒன் கல்யாணத்துக்கு என்னை எதிர்பாக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்த அம்மா நான். நலமா என்று எந்த முகத்தோடு கேட்பது? உன் தொழிற்சாலைக்குப் போன் செய்யலாம் என்று கடைத்தெரு வரை போனேன். போனை எடுக்கிற பெண் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பாள், நான் முழிப்பேன் என்று திரும்பி வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். தையல் மெஷினில் யாருடைய ரவிக்கையோ ஒற்றைக் கையோடு கிடக்கிறது. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல் வரை போகிறேன், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன், அணைத்துத்தான் இருக்கிறது, மறுபடி வந்து உட்காருகிறேன். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால், "ஒனக்குக் கால்ல என்ன சக்கரமா?" என்று கேட்டிருப்பார். அவர் போன பிறகு இந்தப் புக்கிட் பெலிம்பிங் வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை, சக்கரமும் நிற்கவில்லை.

அன்றைக்கு நான் கேட்டது என்ன? வசந்தியின் அப்பா நல்ல மனுஷன். மேளக்காரர்களுக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்துச் சொல்லியாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் கைப்பையிலிருந்து அந்த நாதஸ்வரம் பதிந்த டிஸ்கை எடுத்து மேசையில் வைத்தேன். "மேளம் முன்னாடியும் வாசிக்கட்டும், பின்னாடியும் வாசிக்கட்டும் சம்பந்தி. தாலி கட்டுற நேரத்துல மட்டும் இந்தத் தட்டுதான் ஓடணும்" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சம்பந்தியம்மா, நாதஸ்வரக்காரரு உயிரோட எதுக்க உக்காந்திருப்பாரு. அவர சும்மா இருங்கன்னு சொல்லிட்டு, நாதஸ்வரத் தட்ட எப்படிப் போடறது?" நியாயமான கேள்வி. எனக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால்தான் குரலை உயர்த்தினேன். அப்போது நீ சொன்னாய்: "அம்மா, ஒங்க பிளேட்டுப் பைத்தியத்த என் கல்யாணத்துக்குக் கொண்டு வராதீங்க லா. இத்தன வாங்கினீங்களே, ஒரு பிளேட்டயாச்சும் முழுசா கேட்டிருக்கீங்களா?" முதல் பாதிக்கு நான் கோபப்பட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். பைத்தியம் என்று ஊரே சொல்கிறது, நீ சொன்னால் என்ன? இரண்டாவது பாதிதான் சுருக்கென்று தைத்தது. நீ விளையாட்டாகச் சொன்னது, ஒருவருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்த விஷயம்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அந்தப் பக்கம், நீ பிறந்த எஸ்டேட்டில்தான் நடந்தது. ரப்பர் மரம் சீவுகிற வீட்டுப் பெண்ணுக்கு மேளம் வைத்துக் கல்யாணம் செய்கிற வசதி அப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எவருக்கும் கிடையாது. உன் அப்பாவின் கூட்டாளி சின்னையா ஒலிபெருக்கி வைத்திருந்தார். கல்யாணம் என்றால் அவர் பெட்டியோடு வந்துவிடுவார். தாலி கட்டும் நேரத்துக்கென்று அவரிடம் ஒரே ஒரு நாதஸ்வரத் தட்டு இருந்தது. கறுப்பு அரக்குத் தட்டு, கீழே போட்டால் உடைந்துவிடும். ஐயர் கையைக் காட்டியதும் சின்னையா ஊசியை வைப்பார், அந்தத் தட்டு பாடி முடிவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் அதுதான் முறை. அந்தத் தட்டைக் கேட்டு எத்தனையோ பெண்கள் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். நானும் பாவாடை கட்டின காலத்திலிருந்து கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுக் கேட்டு, எனக்கும் ஒருநாள் அது பாடும் என்று காத்திருந்தவள்தான்.

எஸ்டேட்டில் அப்போது மின்சாரம் மாலையில் மட்டும்தான் வரும். காலை முகூர்த்தம் என்றால் ஆபீஸ் கிராணியிடம் சொல்லி, துரையிடம் அனுமதி வாங்கி, எஞ்சினுக்கு வேண்டிய டீசலைக் கல்யாண வீட்டார்தான் கொண்டு போய் ஊற்ற வேண்டும். என் அப்பா, அதாவது உன் தாத்தா, முகூர்த்தம் முடிகிற வரைக்கும் போதும் என்று கணக்காக ஊற்றியிருந்தார். கோலசிலாங்கூரிலிருந்து ஐயர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து, மந்திரத்தை ஓட்டமாக ஓட்டி, கையைக் காட்டினார். சின்னையா ஊசியை வைத்தார். உன் அப்பா தாலியை எடுத்துக்கொண்டு என் பின்பக்கம் குனிந்தார். நாதஸ்வரம் மேலே ஏறியது. ஏறி, ஒரு இடத்தில் மூச்சை விடாமல் ஒரே சுரத்தில் நிற்கும், கீழே தவில் பொரிந்து தள்ளும், அந்த இடம் வந்தது. பந்தலில் தொங்கிய பல்புகள் மஞ்சளாகிச் சிவந்தன. நாதஸ்வரம் இறங்கியது. சளி பிடித்த எருமை கத்துகிற மாதிரி இழுத்து, இறங்கி, அடங்கி, நின்றுவிட்டது. டீசல் தீர்ந்து போய்விட்டது. தாலி உன் அப்பா கையில் இருந்தது, முதல் முடிச்சு இன்னும் விழவில்லை.

உன் அப்பா அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "மத்தவன் கல்யாணத்துல எல்லாம் அந்த ஆளு அவசரமா வாசிச்சிட்டுப் போயிட்டாரு. நமக்குத்தான் இழுத்து இழுத்து வாசிச்சாரு" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். லோரி ஓட்டும்போது அந்த நாதஸ்வரத்தையே சீட்டியடித்துக்கொண்டு வருவார், உனக்கும் ஞாபகம் இருக்கும். சீட்டி அந்த இடத்துக்கு வருவதற்குள் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன், அல்லது வாளியை எடுத்துச் சத்தமாக வைப்பேன். என் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம். பிறகு அவர் எண்ணெய் மில் வாசலில், செம்பனைக் குலை ஏற்றின லோரியோடு வரிசையில் நிற்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நீ பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடி வந்தாய். அன்று வீடு நிறைய ஆட்கள். என் பெரியத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "அன்னிக்கே பாட்டு பாதியில நின்னுச்சே." மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரிக் கேட்டது.

கருமாதி எல்லாம் முடிந்து வெளியே தலைகாட்டத் தொடங்கியதும் நான் முதலில் போன இடம் கோலசிலாங்கூரில் பாய் கடை. உனக்குத் தெரிந்த இடம்தான். முன்னால் சாப்பாட்டுக் கடை, பக்கவாட்டில் கண்ணாடி அலமாரி நிறையத் தட்டும் கேசட்டும். நாகூர்க்காரர், தமிழ்ப் பாட்டு என்றால் மதராஸிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரவழைத்துத் தருவார். வாசிப்பைப் பாடிக் காட்டினேன், அந்த இடம் வரைக்கும். பாய் சிரிக்காமல் கேட்டார். "அந்த அரக்குத் தட்டு இனிமே கெடைக்காதுக்கா. ஆனா அதையே புதுசா சுத்தம் பண்ணிப் போட்டிருக்காங்க. மெஷின்ல வச்சு கீறல் சத்தத்தயெல்லாம் எடுத்துர்றாங்களாம்." அன்றைக்குப் பிடித்தது அந்தச் சக்கரம். என் மகன் கல்யாணத்தில் அந்த வாசிப்பு ஒரு கீறல் இல்லாமல், ஒரு தடங்கல் இல்லாமல், அந்த இடத்தைத் தாண்டிப் போய் முழுசாக முடிய வேண்டும், அது முடியும்போது உன் கையில் மூன்றாவது முடிச்சு விழ வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். எனக்குப் பாதியில் நின்றது உனக்கு நிற்கக் கூடாது. இது சங்கீத ரசனை என்று ஊர் நினைத்துக்கொண்டது. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வந்த பெரிய தட்டில் கீறலைத் துடைக்கிறேன் என்று நாதஸ்வரத்தையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள். கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. வேண்டாம் என்றேன். அடுத்த மறுபதிப்பில் எதிரொலி சேர்த்திருந்தார்கள், கிணற்றுக்குள் கல்யாணம் நடப்பது மாதிரி. அதற்குப் பிறகு வந்ததில் நாதஸ்வரம் ஒரு காதில், தவில் ஒரு காதில், புருஷன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்த மாதிரி. கேசட்டில் வந்தது கொஞ்சம் வேகமாக ஓடியது. மதராஸ் அச்சு ஒரு மாதிரி, சிங்கப்பூரில் வந்தது ஒரு மாதிரி. ஒரே வாசிப்பு, ஒரே ஆட்கள், என்றைக்கோ ஒருநாள் ஓர் அறையில் உட்கார்ந்து ஊதினது. அதை எத்தனை விதமாகக் கழுவிக் காயப்போட்டாலும் என் காதுக்கு ஏதாவது ஒரு கறை கிடைத்துக்கொண்டே இருந்தது. பாய் அலுத்துக்கொள்ளவில்லை. "அக்கா காதுக்குத் தப்புமா" என்று மற்ற வாடிக்கைக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். நீயும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்துச் சிரிப்பாய். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் அடுத்தது எப்போது வரும் என்ற பரபரப்பு. தைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் சத்தம் கேட்டால் கடைக்குப் போகலாமா என்று எழுந்துவிடுவேன்.

போன தீபாவளிக்கு நீ டிஸ்க் போடும் பெட்டியை வாங்கி வந்தாய். அதற்குப் பிறகு பாய் இந்த டிஸ்கை வரவழைத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலம், பளபளவென்று, முகம் பார்க்கலாம். பெட்டியில் போட்டேன். தம்பி, அதில் குறை இல்லை. கம்பளி இல்லை, கிணறு இல்லை, கீறல் இல்லை. நாதஸ்வரக்காரர் என் எதிரே பாயில் உட்கார்ந்து சீவாளியை நனைத்துவிட்டு ஊதுகிற மாதிரி. சந்தோஷப்பட வேண்டியவள், பெட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். வாசிப்பு ஏறி அந்த இடத்துக்கு வந்தபோது என் விரல் தன்னால் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது.

இப்போது புரிகிறதா, நீ கேட்ட கேள்வி எங்கே தைத்தது என்று? ஒரு தட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. கம்பளி என்றேன், ஊசியை எடுத்தேன். கிணறு என்றேன், ஊசியை எடுத்தேன். எல்லாத் தட்டிலும் குறை இருந்தது உண்மைதான். ஆனால் எல்லாக் குறையும் எனக்கு அந்த இடத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது பார். அந்த இடத்தைத் தாண்டுகிற தைரியம் எனக்கு இல்லை. தாண்டும்போது மறுபடியும் நின்றுவிட்டால்? கரண்டு போய்விட்டால்? அதனால் அதை முதன்முதலாகத் தாண்டுகிற வேலையை உன் தலையில், உன் கல்யாணத்தில், அந்தப் பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் வைக்கப் பார்த்தேன். அவள் கழுத்தைப் பணயம் வைத்து என் பயத்தைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன் என்று இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

கெர்லிங்கிலிருந்து நான் கிளம்பினபோது வசந்தி பின்னாலேயே ஓடி வந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் சோற்றுப் பொட்டலம். "அத்தை, சாப்பிடாம போறீங்க. இத வச்சுக்குங்க" என்றாள். நான் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டிஸ்க நான் ஒரு தடவ கேக்கலாமா அத்தை?" என்றாள். எவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நீ கேட்டதில்லை. நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் நிலையத்தில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மழை கொட்டியது. அங்கே உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். கத்தரிக்காயில் கொஞ்சம் உப்பு தூக்கல். சொல்லாதே.

நேற்று மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு டிஸ்கைப் போட்டேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. வாசிப்பு ஏறியது. அந்த இடம் வந்தது. ஒரே சுரத்தில் நின்றது, தவில் பொரிந்தது, எனக்கு வேர்த்துக் கொட்டியது. தாண்டிவிட்டது. தாண்டி, சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தவில் ஒரு முத்தாய்ப்பு வைத்து முடிந்தது. அவ்வளவுதான். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்தத் துக்கடாவுக்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. முடிந்த இடத்தில், சுத்தம் செய்த தட்டு என்பதால், இன்னொன்றும் கேட்டது. நாதஸ்வரக்காரர் கருவியை வாயிலிருந்து எடுத்து மூச்சு வாங்கினார். மூட்டை சுமந்து வந்து இறக்கி வைத்த ஆள் மூச்சு வாங்குவது மாதிரி. பிறகு அடுத்த உருப்படி தொடங்கிவிட்டது.

அந்த மூச்சைக் கேட்டதும்தான் எனக்கு மற்றது ஞாபகம் வந்தது. இத்தனை காலமும் என் கல்யாணம் என்றால் அந்த எருமைக் குரல்தான் காதில் நின்றது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பெரியத்தைதான் கத்தினாள்: "மேளம் இல்லாம கட்டாதப்பா, நிறுத்து. எஞ்சின் ஓடட்டும்." உன் அப்பாவின் விரல்கள் என் பிடரியை விட்டு விலகவில்லை. மூச்சு என் காதில் பட்டது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "டீசல் வர்ற வரைக்கும் அவ கழுத்த நீட்டிக்கிட்டே இருப்பாளா? நான் கட்டறேன்." கட்டினார். முதல் முடிச்சு விழும்போது பந்தல் ஓரத்தில் நின்ற மண்டோர், எங்களை வேலை வாங்குகிற கங்காணி, பக்கத்தில் கிடந்த பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டத் தொடங்கினார். மற்றவர்களும் கிடைத்ததை எடுத்துத் தட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டு, பலகை, சட்டி மூடி எல்லாம். அந்தச் சத்தத்தில் பெரியத்தை திட்டியதுகூடக் கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு மேளம் இருந்தது, தம்பி. ரப்பர் பால் எடுக்கிற வாளிதான் மேளம்.

அந்தத் தட்டு நின்ற பிறகும் உன் அப்பா நிறுத்தவில்லை. அவரோடு நான் வாழ்ந்தது எல்லாம் அது நின்றதற்குப் பிறகுதான். சண்டை போட்டோம், உன்னைப் பெற்றோம், அவர் சீட்டியடித்தார், நான் வாளியைச் சத்தமாக வைத்தேன். அந்தத் தட்டில் மிச்சம் இருந்த துக்கடாவைவிட அது எவ்வளவோ நீளம். நின்றதையே நினைத்துக்கொண்டிருந்ததில் நடந்ததை எண்ணிப் பார்க்க மறந்துவிட்டேன். உன் வயசில் உனக்கு இது புரிய வேண்டாம். ஒன்றை மட்டும் மனசில் வை. வசந்தியிடம் உனக்குக் குறை தெரியும், அவளுக்கு உன்னிடம் அதைவிட அதிகமாகத் தெரியும். குறை எப்போதும் கிடைக்கும். அது கிடைத்தது என்று ஊசியைத் தூக்கிவிடாதே. மனசில் முள் இருந்தால் அவளிடம் அன்றைக்கே சொல்லிவிடு, என்னைப் போல அலமாரி நிறைய வாங்கி அடுக்காதே.

கல்யாணத்துக்கு வருகிறேன். சம்பந்தியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், நேரிலும் கேட்கிறேன். மேளக்காரர்தான் வாசிக்க வேண்டும், தாலிக்கும் அவரேதான். டிஸ்க் என் கைப்பையில் இருக்கும். இருக்கட்டும், பந்தியில் சோறு போடும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், அப்போது ஒருவர் காதிலும் விழாது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தியை இங்கே கூட்டிக்கொண்டு வா. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறோம். நீ வேண்டுமானால் வெளியே போய் ரோட்டில் போகிற லோரியை எண்ணு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நீ அவள் பின்னால் குனிந்திருக்கும்போது கரண்டு போகலாம், மைக் கத்தலாம், நாதஸ்வரக்காரருக்கு இருமல் வரலாம். யாராவது நிறுத்து என்று கத்துவார்கள், ஒருவேளை நானே கத்துவேன், என் குணம் உனக்குத் தெரியும். நீ கேட்காதே. கையை எடுக்காமல் கட்டு. உன் அப்பா எடுக்கவில்லை.

அம்மா